முரசுக்கு ஒட்சிசன் ஏற்றலாமா?



ஒருநாள் எங்கள் தையல் நிலையத்தில் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகு, ஒரு தங்கச்சி மட்டும் கதிரைகளை அடுக்குகிற சாட்டில் நின்றுகொண்டிருந்தாள். வயது நாற்பத்து நான்கு. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்துவது அவளுடைய பழக்கம். அது வெட்கம் என்றே நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"அக்கா, நீங்கள் நேர்சாக இருந்தனீங்கள்தானே. முரசுக்கு ஒட்சிசன் குடுத்தால் ஆடுற பல்லு இறுகுமாம். உண்மையோ?" என்று கேட்டாள்.

இரண்டு வருடமாகப் பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதாம். கீழ் முன்பற்கள் இரண்டு ஆடத் தொடங்கிவிட்டன. வாய் மணக்கிறது என்று சந்தேகம் வந்ததில் இருந்து ஆட்களோடு கிட்ட நின்று கதைப்பதையும் விட்டுவிட்டாள். வெளிநாட்டில் இருக்கும் மச்சாள் ஒருத்தி கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாள். ஒட்சிசன் சிகிச்சை, வலி இல்லை, கத்தி இல்லை, பல் பிடுங்கத் தேவையில்லை என்று அதில் சொல்கிறார்கள். பட்டணத்தில் ஓரிடத்தில் விசாரித்தபோது ஓசோன் வாயு பிடிக்கலாம், ஆறு தடவை வரவேண்டும் என்றிருக்கிறார்கள். அதற்குச் சொன்ன காசு அவளுக்கு மூன்று மாதத் தையல் கூலி.

"தோட்டை அடகு வைக்கப் போறன்" என்றாள்.

அந்தத் தோட்டை எனக்குத் தெரியும். 2009இல் சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ கஷ்டத்திலும் அவள் அதை அடகுக் கடைக்குக் கொண்டு போகவில்லை. மகளின் ரியூசன் காசுக்குக்கூடக் கடன்தான் வாங்கினாள்.

"பொய், போகாதே" என்று ஒரு சொல்லில் அவளை அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த வீடியோவில் சொன்னது முழுப்பொய் அல்ல. முழுப்பொய் என்றால் நாங்கள் ஏமாறவே மாட்டோம். பாதி உண்மையாக இருப்பதுதான் தோட்டைக் கழற்ற வைக்கிறது. அதனால் அவளை இருத்தி, ஒரு தேநீரும் ஊற்றிக் கொடுத்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

பல்லும் முரசும் சேரும் இடத்தில் ஒரு சிறு இடுக்கு உண்டு. சுகமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீற்றர்தான். சாப்பாட்டுக்குப் பின் பல்லின் மேல் வழுவழுப்பாக ஒரு படலம் பிடிக்கிறது அல்லவா, அது வெறும் ஊத்தை அல்ல. உயிருள்ள கிருமிகளின் குடியிருப்பு. அதை எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள உப்புக்கள் சேர்ந்து கல்லுப்போல் இறுகிவிடும். அதைத்தான் காரை என்கிறோம். காரையின் மேல் புதிய படலம் பிடிக்கும். முரசு வீங்கும், சிவக்கும், தொட்டால் இரத்தம் வரும். இந்த நிலையில் துப்புரவு செய்தால் முரசு பழையபடி வந்துவிடும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முரசு பல்லை விட்டு விலகி அந்த இடுக்கு 4, 5, 6 மில்லிமீற்றர் என்று பைபோல ஆழமாகும். உள்ளே பல்லைத் தாங்குகிற எலும்பு கரையும். எலும்பு போனால் பல் ஆடும்.

அந்த ஆழமான பைக்குள் காற்றுப் போகாது. அங்கே வாழ்கிற கிருமிகளில் பெரும்பாலானவை ஒட்சிசன் இல்லாத இடத்தில் மட்டுமே பெருகுகிறவை. ஒட்சிசன் அவற்றுக்கு நஞ்சு. "அப்ப ஒட்சிசனைக் குடுத்தால் செத்துப் போகும்தானே அக்கா?" என்று தங்கச்சி உடனே கேட்டாள். நல்ல கேள்வி. நூறு வருடங்களுக்கு முன் வைத்தியர்களும் இதையேதான் கேட்டார்கள்.

1914இல் தொடங்கிய முதலாம் உலகப் போரில் ஐரோப்பாவில் போர்வீரர்கள் மாதக்கணக்காகப் பதுங்குகுழிகளில் கிடந்தார்கள். அவர்களில் பலருக்குத் திடீரென முரசு புண்ணாகி, பற்களுக்கு இடையிலுள்ள சதை அழுகி, சாம்பல் நிறத்தில் தோல் படிந்து, தாங்க முடியாத வலியும் நாற்றமும் வந்தன. ஆங்கிலத்தில் அதற்குப் பதுங்குகுழி வாய் என்றே பெயர் வைத்தார்கள். வின்சென்ற் என்ற பிரெஞ்சு வைத்தியர் அந்தக் கிருமிகளை அதற்கு முன்பே விபரித்திருந்ததால் அவர் பெயராலும் அதை அழைப்பார்கள். ஒரே கோப்பையில் குடிப்பதால் தொற்றுகிறது என்று முதலில் பயந்தார்கள். உண்மையான காரணங்கள் வேறு: பல் துலக்க வழியில்லை, சத்தான சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, மனதில் ஓயாத பயம், போதாததற்குச் சுருட்டும் சிகரெட்டும்.

இதை முதன்முதலில் ஒரு புத்தகத்தில் வாசித்தபோது நான் மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். பங்கருக்குள் இருந்த எங்களுக்கு யார் முரசைப் பார்த்தார்கள்? முகாமில் ஒரு வாளித் தண்ணீரில் முதலில் பிள்ளை, பிறகு சமையல், மிச்சத்தில்தான் வாய். சாம்பலைத் தொட்டு விரலால் தேய்த்தோம். ஒரு பிரஷை மூன்று பேர் பாவித்தோம். என்னுடைய கடைவாய்ப் பற்கள் இரண்டு அந்தக் காலத்தில் போனவைதான். உயிர் தப்பியதே பெரிது, பல்லைப் பற்றி யாரிடம் முறையிடுவது என்று இருந்துவிட்டேன். உங்களில் பலரும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள்.

அந்த நோய்க்கு வைத்தியர்கள் கொடுத்தவற்றில் ஒன்று ஐதரசன் பெரொக்சைட். காயத்தில் விட்டதும் நுரைத்துப் பொங்குகிற அந்தத் தண்ணீர்தான். எங்கள் இரத்தத்திலும் தசையிலும் உள்ள ஒரு பொருள் பட்டதும் அது தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் பிரிகிறது. அந்த ஒட்சிசன்தான் நுரை. இன்றும் சில வேளைகளில் திடீர் முரசுப் புண்ணுக்குத் தண்ணீர் கலந்து கொப்பளிக்கச் சொல்வார்கள். ஆகவே ஒட்சிசன் வைத்தியம் புதிய கண்டுபிடிப்பு அல்ல. எங்கள் பாட்டிமார் காலத்துப் பழைய சங்கதி.

ஆனால் நுரை மேலேதான் பொங்கும். ஆழமான பைக்குள் அது போய்ச் சேராது. சேர்ந்தாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பைக்குள் காரை அப்படியே கல்லாக இருக்கிறது. கிருமிக் கூட்டம் அடுத்த நாளே பழைய இடத்தில் குடியேறிவிடும். வீட்டுக்குள் பாம்புப் புற்றை வைத்துக்கொண்டு வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது போல. 1970களில் அமெரிக்காவில் அப்பச்சோடாவையும் பெரொக்சைட்டையும் குழைத்துத் தேய்த்தால் முரசு நோய்க்குச் சத்திரசிகிச்சையே வேண்டாம் என்று ஒரு முறை பெரிதாகப் பரவியது. பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது, காரையை எடுத்துச் சுத்தம் செய்தவர்களில், அந்தக் கலவையால் துலக்கியவர்களும் சாதாரண பற்பசையால் துலக்கியவர்களும் ஒரே அளவில்தான் சுகமடைந்திருந்தார்கள். சுகம் தந்தது காரையை எடுத்ததும் ஒழுங்காகத் துலக்கியதும்தான்.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். வார்ட்டில் காயம் கழுவிய பழக்கத்தில், ஒருமுறை என் முரசு வீங்கியபோது போத்தலில் இருந்தபடியே பெரொக்சைட்டை வாயில் விட்டுக் கொப்பளித்தேன். தண்ணீர் கலக்கவில்லை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்தேன். முரசு வெந்து வெள்ளையாகத் தோல் உரிந்தது; ஒரு கிழமை கஞ்சிதான் குடித்தேன். நேர்சே இப்படிச் செய்தால் மற்றவர்களை என்ன சொல்வது? வைத்தியர் சொல்லாமல் இதை வாயில் வைக்காதீர்கள். தலைமயிர் நிறம் மாற்றவும் தொழிற்சாலைகளிலும் பாவிக்கிற கடும் பெரொக்சைட் வாயையும் தொண்டையையும் எரித்துவிடும்.

ஓசோன் என்பது மூன்று ஒட்சிசன் அணுக்கள் சேர்ந்த வாயு. கிருமியைக் கொல்லும், அது உண்மை. சில நாடுகளில் தண்ணீரைச் சுத்திகரிக்கவும் அதைப் பாவிக்கிறார்கள். ஆனால் சுவாசப்பைக்குள் போனால் கெடுதி. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாக விதிகளில் அது நச்சு வாயு என்றே எழுதப்பட்டிருக்கிறது. முரசு நோய்க்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பல உண்டு. காரையை எடுத்த பிறகு மேலதிகமாகக் கொடுத்ததில் சிலவற்றில் சிறு நன்மை கண்டார்கள், சிலவற்றில் ஒன்றும் இல்லை. காரையை எடுக்காமல் ஓசோன் மட்டும் கொடுத்து ஆடுகிற பல்லை இறுக்கலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை. கரைந்த எலும்பை வாயு கட்டித் தராது.

அழுத்த அறைக்குள் படுக்க வைத்துத் தூய ஒட்சிசன் கொடுக்கும் சிகிச்சையும் இருக்கிறது. ஆழ்கடலில் சுழியோடுபவர்கள் விரைவாக மேலே வந்து நோயுறும்போதும், நச்சுப்புகையால் மயங்கியவர்களுக்கும் அது உயிர் காக்கும். புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றுத் தாடை எலும்பு பட்டுப்போனவர்களுக்கும் கொடுத்து வந்திருக்கிறார்கள். சாதாரண முரசு நோய்க்கு அது வழக்கமான வைத்தியம் அல்ல. சும்மா மூக்கில் குழாய் வைத்து ஒட்சிசன் பிடிப்பதும் முரசுக்குப் பயன்படாது. கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த சிறு கருவி ஞாபகம் இருக்கும். சுகமான ஆளுக்கு அதில் 95க்கு மேல் காட்டும். இரத்தம் ஏற்கெனவே ஒட்சிசனால் நிரம்பித்தான் இருக்கிறது. நிரம்பிய குடத்தில் மேலே ஊற்றி என்ன பயன்?

இவ்வளவும் கேட்டபின் தங்கச்சி, "அப்ப எனக்கு ஏன் வந்தது? என்ரை சகலி பல்லே ஒழுங்காத் துலக்கிறதில்லை, அவளுக்கு ஒண்டும் இல்லை" என்றாள்.

இதற்கான விடை எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. 1970இல் ஹரல்ட் லோ என்ற நோர்வே ஆய்வாளரும் குழுவினரும் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களைப் பரிசோதித்தார்கள். பிரஷ் பாவித்துப் பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ இல்லாதவர்கள். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். எல்லோர் பல்லிலும் படலமும் காரையும் இருந்தன. ஆனால் ஏறத்தாழ 8 வீதத்தினருக்குத்தான் நோய் வேகமாகப் பரவிப் பற்கள் விழுந்தன. 81 வீதத்தினருக்கு நடுத்தரமாகப் போனது. 11 வீதத்தினருக்கு முரசு வீக்கத்தோடு நின்றுவிட்டது. உலகம் முழுவதும் பல் வைத்தியம் படிக்கிறவர்கள் இன்றும் இந்த ஆய்வைப் படிக்கிறார்கள். கொழுந்து கிள்ளிய பெண்களின் வாயை ஏன் எண்ணவில்லை என்பது என் மனதில் இருக்கிற கேள்வி. அது வேறு கதை.

ஆகவே ஊத்தை ஒன்றாக இருந்தாலும் உடம்பு ஒன்றல்ல. பரம்பரை ஒரு காரணம். புகையிலை ஒரு காரணம். புகைப்பவர்களுக்கு முரசில் இரத்தம் குறைவாகவே வரும், அதனால் நோய் மறைந்திருக்கும். கர்ப்ப காலத்தில் ஓமோன் மாற்றத்தால் முரசு இலகுவில் வீங்கும். பிள்ளைப்பேறு என்றால் பல் போகும்தான் என்று இருந்துவிடாமல் கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் சொல்லிப் பல் பரிசோதனைக்குப் போங்கள். வெற்றிலை பாக்கு முரசைப் பழுதாக்குவதோடு வாய்ப் புற்றுநோயையும் கொண்டுவரும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு ஒன்றே போதும். இவற்றுக்கெல்லாம் மேலாக நீரிழிவு. சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முரசு நோய் முற்றும். முரசு நோய் முற்றினால் சீனியும் இலகுவில் இறங்காது.

அடுத்த புதன்கிழமை அவளோடு நானும் அரசாங்க வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். காலை ஆறரைக்கே துண்டு எடுக்க நின்றோம். பதினொரு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். வாங்கில் இருந்த நேரம் முழுவதும் அவள் தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே இருந்தாள். டொக்டர் பிள்ளை இளவயது, பொறுமையானவர். அளவுக் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் விட்டு அளந்து, எண்களைச் சொல்லி எழுதுவித்தார். முன்பற்களில் ஆறு, ஏழு. மற்ற இடங்களில் நான்கு, ஐந்து. எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

"ஓசோன் பிடிக்கலாமோ டொக்டர்?" என்று அவளே கேட்டாள்.

"முதலில் காரையை எடுப்பம். அது இருக்கும்வரைக்கும் எதைப் பிடிச்சும் பிரயோசனம் இல்லை" என்றார். பிறகு, "கடைசியா எப்ப சீனி பார்த்தனீங்கள்?" என்று கேட்டார்.

அவள் பார்த்ததே இல்லை. வெறும் வயிற்றில் சோதித்தபோது 168. 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தடவை வந்தால் நீரிழிவு என்பார்கள். இரண்டாம் முறை 171. எத்தனை வருடமாக இருந்ததோ தெரியாது. ஓசோன் பிடிக்கப் போயிருந்தால் ஆறு தடவையும் முடிந்து, தோடும் போய், இந்தச் சீனி அப்படியே உள்ளே இருந்திருக்கும்.

ஸ்கேலிங் என்கிற சுத்திகரிப்பை நான்கு தடவையாகச் செய்தார்கள். விறைப்பூசி போட்டு முரசின் கீழே உள்ள காரையையும் சுரண்டி எடுத்தார்கள். காசு இல்லை, பஸ் காசும் வரிசையில் நின்ற நேரமும்தான். காரையை எடுத்தால் பல் ஆடும் என்று எங்கள் சனம் பயப்படுவது உண்டு. காரை சீமெந்துபோல் பற்களைச் சேர்த்துப் பிடித்திருப்பதாலும், வீங்கிய முரசு வற்றும்போது பற்களுக்கிடையே இடைவெளி தெரிவதாலும் அப்படித் தோன்றும். சில கிழமை குளிர்ந்த தண்ணீர் கூசும். அதற்குப் பயந்து இடையில் நிறுத்தாதீர்கள்.

அவளுக்குக் குளிசை எழுதவில்லை. சிலருக்கு மெற்றோனிடசோல் எழுதுவார்கள். அந்த மருந்து முரசுக்கு வந்த கதை ஒரு பெண்ணால் வந்தது. 1962இல் இங்கிலாந்தில், வெள்ளைபடுதலுக்குக் காரணமான கிருமித்தொற்றுக்காக அந்தக் குளிசையை எடுத்த ஒரு பெண், தன் முரசுப் புண்ணும் சேர்ந்தே மாறிவிட்டது என்று சொன்னாள். அவள் சொன்னதை அலட்சியம் செய்யாமல் ஷின் என்ற பல் வைத்தியர் ஆராய்ந்து வைத்திய சஞ்சிகையில் எழுதினார். ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் கிருமிகளின் உள்ளே போய்த்தான் அந்த மருந்து வேலை செய்யும். அப்படியென்று பாமசியில் நீங்களே வாங்கி விழுங்க வேண்டாம். காரை இருக்கும்வரை குளிசையும் தற்காலிகம்தான்.

வீட்டில் செய்யும்படி சொன்னவை: மென்மையான பிரஷ், ஆளுக்கொன்று. முரசும் பல்லும் சேரும் ஓரத்தில் சரித்து வைத்து, அமத்தாமல் சிறுசிறு அசைவாக இரண்டு நிமிடம். காலையும் இரவும், இரவை ஒருபோதும் விடக்கூடாது. இரத்தம் வருகிறது என்று அந்த இடத்தை விட்டுத் துலக்கினால் அங்கேதான் நோய் முற்றும். பல்லிடுக்குக்குச் சிறிய பிரஷ் ஒன்றும் கொடுத்தார்கள். ஈர்க்கால் குத்துவதையும் உமிக்கரியால் தேய்ப்பதையும் விடச் சொன்னார்கள். அரைத் தேக்கரண்டி உப்புப் போட்ட இளஞ்சூட்டு நீரால் கொப்பளிப்பது நோவைத் தணிக்கும், ஆனால் காரையைக் கரைக்காது.

மூன்று மாதத்தின் பின் மீண்டும் அளந்தார்கள். நான்கு, ஐந்தாக இருந்த இடங்களில் பெரும்பாலானவை மூன்றுக்கு வந்துவிட்டன. முன்பல் ஒன்றில் ஆறு நான்காகியது. மற்றதைக் காப்பாற்ற முடியவில்லை, பிடுங்கிவிட்டார்கள். அன்று அவள் அழுதாள். எனக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த கிழமை தையல் நிலையத்துக்கு வந்தாள், காதில் தோடு இருந்தது. மெற்போமின் குளிசையைச் சாப்பாட்டோடா சாப்பாட்டுக்குப் பின்னா எடுப்பது என்று கேட்டாள். சாப்பாட்டோடு என்றேன். போன இடத்தில் பல் கட்டுவது பற்றியும் கேட்டாள். அதைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.